பங்குனி உத்திரத்தன்று வேலைக்கு வந்த 46 பேர்

ஆட்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க எங்கள் தையல் யூனிட்டுக்கு வந்த ஆடிட்டர் அம்மா, மார்ச் மாத வருகைப் பதிவேட்டைக் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். 25ஆம் தேதியில் பேனா நின்றது. "சார், 46 பேரும் வந்திருக்காங்க. ஒருத்தர்கூட லீவு இல்ல. அன்னைக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா?" என்றார். நான் யோசிப்பதுபோல் நடித்தேன். அவரே சொன்னார்: "பங்குனி உத்திரம் சார். எங்க அப்பாவுக்குக் களக்காடு பக்கம். மெட்ராஸ்ல இருந்தாலும் பஸ்ஸைப் புடிச்சு சாஸ்தா கோயிலுக்கு வந்துருவோம். உங்க கம்பெனில ஒருத்தரும் போகலையா?"

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு சாஸ்தா கோவில் உண்டு. பிழைக்கப் போன பிள்ளைகள் எங்கிருந்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அங்கே வந்து நிற்கும். எங்கள் யூனிட்டில் அன்று ஷட்டரே திறக்கவில்லை. நானே திருச்செந்தூர் பக்கம் கற்குவேல் அய்யனார் கோவில் தேரி மணலில் பொங்கல் பானைக்கு ஓலை தள்ளிக்கொண்டிருந்தேன். ஆனால் பதிவேட்டின்படி 46 பேர் காலை 8.57க்கும் 9.03க்கும் நடுவில் உள்ளே வந்து, மாலை 5.31க்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அந்தப் பதிவேட்டுக்காக நான் ஒருவருக்கு 90,000 ரூபாய் கொடுத்திருந்தேன்.

இது 2024 ஜூனில் நடந்தது. திருப்பூர்க்காரர்களுக்கு ஆடிட் என்பது பல் தேய்ப்பது மாதிரி. நம் பக்கம் நாற்பது ஐம்பது மிஷின் போட்டு, வேறு கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் பண்ணுகிறவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் சொல்லவில்லை. அதனால் வரிசையாக எழுதிவிடுகிறேன், என் மானம் போனாலும் பரவாயில்லை.

திருப்பூரில் 14 வருஷம் இருந்தேன். டெய்லராகச் சேர்ந்து லைன் சூப்பர்வைசர் வரைக்கும் வந்தேன். 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில் ஒரு பழைய ரைஸ் மில்லை மாதம் 22,000 வாடகைக்குப் பிடித்து, செகண்ட்ஹேண்டில் ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று 40 மிஷின் போட்டேன். ஆளுக்குக் குறைவே இல்லை. முக்கூடல் வட்டாரத்தில் பீடி சுற்றாத வீடு குறைவு. தாய்மார் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்தாலும் பிள்ளைகளுக்கு அதில் இஷ்டமில்லை. மூன்று வருஷத்தில் 52 பேர் ஆனோம், அதில் 44 பேர் பெண்கள். திருப்பூரிலிருந்து ஒரு எக்ஸ்போர்ட்டர் வெட்டிய பீஸை லாரியில் அனுப்புவார், நாங்கள் தைத்து, பிசிர் வெட்டி, அயர்ன் பண்ணித் திருப்பி அனுப்புவோம். குழந்தைகள் டீ-ஷர்ட்.

2024 ஏப்ரலில் அவரிடமிருந்து போன். "அண்ணா, பையர் சைடுல ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் சோஷியல் ஆடிட் கேக்குறாங்க. ஜூன் கடைசிக்குள்ள ஸ்மெட்டா ரிப்போர்ட் வேணும். இல்லைன்னா உங்ககிட்ட பீஸ் குடுக்க முடியாது." துணி வாங்குகிற பையர் ஜெர்மனிக்காரன். அங்கே 2023 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. தனக்குச் சரக்கு வருகிற சங்கிலி முழுக்க ஆட்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பெரிய கம்பெனிகள் கவனிக்க வேண்டும். முதலில் 3,000 பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனிகளுக்கு மட்டும் இருந்ததை, 2024இலிருந்து 1,000 பேர் உள்ள கம்பெனிகளுக்கும் கொண்டுவந்தார்கள். பெர்லினில் போட்ட சட்டம் சேரன்மகாதேவி ரைஸ் மில் வாசலில் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

இங்கேயே முதல் தப்பைச் செய்தேன். ஸ்மெட்டா என்றால் என்னவென்று விசாரிக்காமலே பயந்தேன். தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ.8000 என்பது பாஸ் ஆனால் கிடைக்கிற சான்றிதழ், ஸ்மெட்டா அப்படி இல்லை. ஸ்மெட்டாவில் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. ஆடிட்டர் வந்து இருக்கிற நிலைமையை எழுதி, எது சட்டத்துக்கு ஒத்துவரவில்லை, அதை எத்தனை நாளில் சரிபண்ண வேண்டும் என்று பட்டியல் போடுவார். அதைப் படித்துவிட்டு முடிவெடுப்பது பையர். பெரும்பாலான யூனிட்டுகளில் சில குறைகள் வரத்தான் செய்யும். எங்கள் தொழிலில் அதை என்.சி. என்பார்கள். என்.சி.யே இல்லாத ரிப்போர்ட்டைக் கண்டால்தான் பையருக்குச் சந்தேகம் வரும். இந்த ஒரு விஷயம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

தெரிந்த ஒருவர் மூலம் கன்சல்டன்ட் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ரெண்டு போன், வாய் நிறைய "நான் பாத்துக்கிடுதேன்". தொகை 90,000. அதில் 60,000 முன்பணம். மாதம் 26 நாள், தினம் எட்டு மணி நேரம், ஞாயிறு விடுமுறை, எல்லோருக்கும் குறைந்தபட்சக் கூலி என்று கம்ப்யூட்டரில் பன்னிரண்டு மாதத்துக்கு வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் அடித்துத் தந்தார். நிமிடத்தை மட்டும் முன்பின்னாக மாற்றிப் போட ஒரு மென்பொருள் வைத்திருந்தார். உண்மையில் நாங்கள் காலை எட்டரைக்கு ஆரம்பித்து, சீசனில் இரவு எட்டு வரை தைப்போம். பீஸ் ரேட்டைச் சனிக்கிழமை ரொக்கமாகக் கொடுப்பேன். ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, தனிக்கணக்கு இல்லை. பி.எஃப். 18 பேருக்கு மட்டும். ஸ்மெட்டாவை நடத்தும் செடெக்ஸ் அமைப்பின் தளத்தில் நாமே நிரப்ப வேண்டிய கேள்விப் பட்டியலையும் அவரே நிரப்பினார். அதில் எங்களுக்கு கேன்டீன் இருப்பதாகப் போட்டிருந்ததை நான் ஆடிட் அன்றுதான் பார்த்தேன்.

"ஆடிட்டர் நம்ம ஆளுதான். ஒரு கவர் மட்டும் ரெடியா வச்சுக்கிடுங்க" என்றும் சொல்லியிருந்தார். 15,000 போட்டு மேசை டிராயரில் வைத்திருந்தேன். உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் அந்த நிமிஷமே அனுப்பிவிடுங்கள். ஆடிட் கம்பெனி வேறு, கன்சல்டன்ட் வேறு. ரெண்டுக்கும் தொடர்பு இருக்கவே கூடாது. ஆடிட்டர்களுக்கு ஆப்ஸ்கா என்ற அமைப்பில் பதிவு எண் உண்டு, கேட்டால் காட்டுவார்கள். காசு கொடுக்கப் பார்த்தால் அதுவே தனிக் குற்றமாக ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

ஆடிட்டுக்கு முந்தின வாரம் முழுக்கப் பாடம் நடந்தது. கன்சல்டன்ட் மிஷினுக்கு நடுவில் நின்றுகொண்டு, "எத்தனை மணிக்கு வேலை முடியும்?" என்பார். "அஞ்சரை" என்று எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். சில பிள்ளைகள் சிரித்தார்கள். மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து கீழே இறங்கி வந்த ஒரு அக்கா மட்டும் என்னிடம் தனியாக வந்து, "அண்ணாச்சி, எட்டு மணிக்கு வீட்டுக்குப் போறேன்னு சொன்னா நமக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்று கேட்டார். நான் எரிந்து விழுந்தேன். அந்தக் கேள்விக்கு அப்போதே காது கொடுத்திருக்கலாம். மாஞ்சோலைக்காரர்கள் கூலி கேட்டு ஊர்வலம் வந்து, 1999 ஜூலை 23இல் கொக்கிரகுளம் பக்கம் போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் 17 உயிர் போனது. வேலை நேரம், கூலி என்ற பேச்சு எனக்கு ஆடிட்டில் கேட்கிற கேள்வி. அந்த அக்கா வீட்டில் அது வேறு விஷயம்.

ஆடிட் அன்று ஆறு பேரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டோம். வயதுச் சான்று இல்லாதவர்கள் ஐந்து பேர், 17 வயதுப் பெண் ஒருத்தி. 17 வயதில் வேலை பார்ப்பதே குற்றம் இல்லை, மருத்துவரின் தகுதிச் சான்று வாங்கி, இரவு வேலை கொடுக்காமல் இருந்தால் அப்போதிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டமே அனுமதித்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒளித்ததால்தான் அது தப்பாகத் தெரிந்தது. அவள் மிஷினில் பாதி தைத்த கட்டு அப்படியே கிடந்தது. ஆடிட்டர் அதைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் குறித்துக்கொள்கிற ஆடிட்டர்தான் ஆபத்து.

காலை ஒன்பதரைக்கு ஓப்பனிங் மீட்டிங். உட்கார்ந்ததும் ஒரு தாளை எடுத்து, பணமோ பரிசோ எதுவும் கேட்க மாட்டோம், நீங்களும் தரக்கூடாது என்று வாசித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார். டிராயரில் இருந்த கவர் அங்கேயே இருந்தது. மத்தியானம் சாப்பாடுகூட வேண்டாமென்று, கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டார்.

பிறகு கட்டடம் சுற்றினார். மூன்று நாளாக மஞ்சள் பெயின்ட் அடித்து நடைபாதைக் கோடு போட்டு, தீயணைப்பான் எல்லாம் மாற்றி வைத்திருந்ததால் எனக்கு இதில் தைரியம் இருந்தது. பின்வாசலில் நின்று, "இது எமர்ஜென்சி வழிதானே, திறங்க" என்றார். பூட்டியிருந்தது. துணிக்கட்டு காணாமல் போகிறது என்று நான்தான் பூட்டச் சொல்லியிருந்தேன். சாவி சூப்பர்வைசரிடம், அவன் டீக்கடையில். ஆள் போய் வாங்கி வந்து திறக்க நான்கு நிமிஷம். அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றார். திறந்தால் கதவு உள்பக்கம் திறக்கிறது. வெளியே ரைஸ் மில் காலத்து உமி மேடு.

அந்த நான்கு நிமிஷத்தை அப்போது ஒரு என்.சி. என்றுதான் நினைத்தேன். 2012 செப்டம்பர் 11இல் கராச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250 பேருக்கு மேல் செத்தார்கள் என்று பிறகு படித்தேன். வாசல்கள் பூட்டியிருந்தன, ஜன்னலில் கம்பி. அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரம் முன்னால்தான் எஸ்.ஏ.8000 சான்று கொடுத்திருந்தார்கள். பேப்பரில் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் யூனிட்டில் 44 பெண்கள், சுற்றிலும் பஞ்சும் துணியும், ரைஸ் மில் காலத்து வயரிங். இப்போது பின்கதவு வெளிப்பக்கம் திறக்கும், உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற தாழ். செலவு 11,500 ரூபாய். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் ஆடிட்டுக்குக் காத்திராமல் செய்துவிடுங்கள். ரோலிங் ஷட்டரை அவசர வழியாகக் காட்டாதீர்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கரண்ட் போனால் இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவது என்பதற்கு வழிகாட்டி விளக்கும் வேண்டும்.

முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். காலாவதியான களிம்பு ஒன்று, யாரோ வைத்த இஞ்சி மிட்டாய் ஒரு பாக்கெட். சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

எங்களைக் கவிழ்த்தது ஊசி நோட்டு. குழந்தைகள் துணி என்பதால் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, தேதியும் நேரமும் எழுத வேண்டும். எங்கள் பிசிர் வெட்டும் பிரிவில் இருந்த ஒரு பிள்ளை அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்துவந்தது. கன்சல்டன்ட் எல்லாப் பேப்பரையும் மாற்றியவர், இதை மறந்துவிட்டார். ஆடிட்டர் அதைக் கையில் எடுத்தார். மார்ச் 10, இரவு 7.40, மிஷின் 22, ஓவர்லாக். மார்ச் 10 ஞாயிற்றுக்கிழமை. பதிவேட்டில் அன்று விடுமுறை. அடுத்து லாரி டெலிவரி சலான், அடுத்து கரண்ட் பில். எதுவும் எதோடும் ஒட்டவில்லை. ஆடிட்டர்கள் வருகைப் பதிவேட்டை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுவதில்லை. கட்டு அட்டை, ஊசி நோட்டு, கேட் நோட்டு, டீக்கடைக் கணக்கு என்று நாம் நினைத்தே பார்க்காத ஒன்றைத்தான் கேட்பார்கள். பன்னிரண்டு மாதத்துப் பொய்யை எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி எழுத எந்தக் கன்சல்டன்டாலும் முடியாது.

பத்துப் பேரிடம் பேசினார், ஆறு பேரிடம் தனியாக, நான்கு பேரிடம் சேர்த்து வைத்து. பெயரை அவரே தேர்ந்தெடுத்தார், எங்களை அறைக்குள் விடவில்லை. என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று சாயங்காலம் யார் போட்டுக்கொடுத்தது என்று கேட்க வாய் துடித்தது. என் மனைவிதான் தடுத்தாள். அது நல்லதாகப் போயிற்று. பேசியவர்களைத் துருவி விசாரிப்பது, வேலையை விட்டு நிறுத்துவது எல்லாம் ரிப்போர்ட்டில் இருக்கிற எந்தக் குறையையும் விடப் பெரிய குற்றம். போதாததற்கு, பத்துப் பேரும் "அஞ்சரை" என்று ஒரே ராகத்தில் சொல்லியிருந்தால் அதுவே காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆறு மணிக்கு குளோசிங் மீட்டிங். 17 என்.சி. கடைசியில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அந்த அம்மா சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "சார், நீங்க அசல் நோட்டைக் காட்டியிருந்தா, ஓ.டி. அதிகம், ரெட்டிப்பு கூலி இல்ல, பி.எஃப். பாதிப் பேருக்கு இல்லன்னு எழுதி, எப்போ சரி பண்றீங்கன்னு தேதி போட்டுருப்பேன். அதை வச்சு பையர் உங்களுக்கு டைம் குடுத்திருப்பாங்க. இப்போ நேரத்தையும் சம்பளத்தையும் சரிபார்க்கவே முடியலன்னுதான் என்னால எழுத முடியும்." கன்சல்டன்ட் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். மீதி 30,000க்கு மறுநாள் போன் பண்ணினார். கொடுத்தும் தொலைத்தேன், ஏனென்று இப்போதும் தெரியவில்லை.

பத்து நாளில் எக்ஸ்போர்ட்டரிடமிருந்து தகவல் வந்தது. கைக்கு வர இருந்த 38,000 பீஸ் வேறு யூனிட்டுக்குப் போயிற்று. நான்கு மாதம் வேலை இல்லை. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கன்சல்டன்ட் 90,000. ஆடிட் கட்டணம் வரியோடு 46,000, இதை யூனிட்தான் கட்ட வேண்டும். பெயின்ட், போர்டு, தீயணைப்பான் 28,000. கைவிட்டுப் போன ஆர்டரில் கையில் நின்றிருக்கக் கூடியது 1,30,000. ஆட்கள் கலைந்துவிடக் கூடாது என்று 30 பேருக்கு ரெண்டு மாதம் தலைக்கு 4,000 கொடுத்தது 2,40,000. நான்கு மாத வாடகை 88,000. மறு ஆடிட் 46,000. மொத்தம் 6,68,000. மனைவியின் சங்கிலி சேரன்மகாதேவியில் அடகுக்குப் போனது. அப்படியும் 19 பேர் போய்விட்டார்கள், கங்கைகொண்டான் சிப்காட் பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிப் போகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திருப்பூரில் கம்ப்ளையன்ஸ் வேலை பார்க்கும் பழைய நண்பனைக் கூப்பிட்டேன். அவன் காசு வாங்கவில்லை, திட்டினான். "ஒரே நோட்டு வையி. கெட்டதோ நல்லதோ, ஒரே நோட்டு." அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். 9,000 ரூபாய்க்கு விரல்ரேகை மிஷின். மின்வெட்டில் வேலை செய்யாத நாளில் கையால் எழுதி, எழுதியவர் கையெழுத்தும் போட வேண்டும்.

பி.எஃப்.பில்தான் உண்மையான போராட்டம். 12,000 சம்பளத்துக்கு என் பங்கு பி.எஃப். 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், ஆக 1,950. அவர்கள் சம்பளத்தில் 12 சதவீதமும் 0.75 சதவீதமும் பிடித்தால் 1,530 குறையும். "கையில வாற காசு கொறஞ்சா வீட்டுல என்ன பதில் சொல்ல?" என்று எல்லோருக்கும் கோபம். இன்னொரு சிக்கல் நம் பக்கத்துக்கே உரியது. பல பெண்களுக்குப் பீடிக் கம்பெனியில் ஏற்கெனவே பி.எஃப். கணக்கு இருக்கிறது. அதில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, பிறந்த தேதி பீடிப் பாஸில் யாரோ உத்தேசமாகப் போட்டது. புதுக் கணக்கு தொடங்கினால் ரெண்டு எண் ஆகிவிடும். பழைய எண்ணைக் கேட்டு வாங்கி, ஆதாரோடு பொருத்தி, அதிலேயே தொடர வேண்டும். 14 பேருக்கு இதை முடிக்க எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. ஆடிட் தேதி வந்தபிறகு இதை ஆரம்பிக்கவே முடியாது. இ.எஸ்.ஐ. பற்றி நான் பேசியதெல்லாம் எடுபடவில்லை. ஒரு பெண்ணுக்குப் பேறுகாலத்தில் 26 வாரச் சம்பளம் வங்கிக்கு வந்தது, அதற்கப்புறம் யாரும் வாதாடவில்லை.

ஓ.டி. கணக்கு கசப்பானது. வாரம் 48 மணிக்கு மேல் போனால் ரெட்டிப்புக் கூலி, மூன்று மாதத்துக்கு 50 மணிக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது என்று அப்போது இருந்தது. நான் படித்ததெல்லாம் 1948 சட்டம். 2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 48 மணியும் ரெட்டிப்பும் அப்படியே இருக்கின்றன, மற்ற எண்களைப் புதிய சட்டத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ரெட்டிப்புக் கூலி போட்டுப் பார்த்தால், பீஸுக்கு 21 ரூபாய் என்ற ஜாப் ரேட்டில் இரவு ஏழுக்கு மேல் தைக்கிற ஒவ்வொரு பீஸிலும் நஷ்டம். ரெண்டு ரூபாய் ஏற்றிக் கேட்டேன். ஒன்றேகால் தந்தார்கள். ஒழுங்காக நடத்து என்று கேட்கிறவன் அதற்கான காசைச் சங்கிலியின் மேல் நுனியிலேயே வைத்துக்கொள்கிறான், பாரம் முழுவதும் கீழே இருக்கிறவன் தலையில். ஆடிட்டைப் பற்றி எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான். ஆனாலும் பொய் நோட்டு எழுதிக்கொண்டிருந்தவரை எனக்கே நஷ்டம் எங்கே என்று தெரியாமல் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

புகார்ப் பெட்டியை முதலில் என் அறை வாசலில், கேமராவுக்குக் கீழே மாட்டியிருந்தேன். ஒன்றரை வருஷத்தில் ஒரு சீட்டு விழவில்லை. குறையே இல்லை என்று பெருமை வேறு. பெண்கள் கழிப்பறைப் பக்கம் மாற்றிய முதல் வாரத்தில் நான்கு சீட்டு. மூன்று, செக்கிங் மேசைக்கு ஃபேன் கேட்டு. நாலாவது, சூப்பர்வைசர் வாய் பற்றி. அந்த சூப்பர்வைசர் என் சித்தப்பா மகன். பத்துப் பேர் இருந்தாலே 2013 சட்டப்படி பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்குழு வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். நான் பெயருக்கு போர்டு மட்டும் எழுதியிருந்தேன். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைக் கெஞ்சி வெளி உறுப்பினராக்கினேன். அவர் முதல் கூட்டத்திலேயே என் தம்பியை எழுப்பி நிறுத்தி, என்ன வார்த்தை சொன்னாய், திருப்பிச் சொல் என்றார். அவனால் சொல்ல முடியவில்லை. இப்போது அவன் பேக்கிங்கில் இருக்கிறான். சித்தி என்னோடு பேசுவதில்லை.

30 பெண்களுக்கு மேல் இருந்ததால் குழந்தைகள் அறை வைக்க வேண்டும் என்றது இன்னொரு என்.சி. பழைய நெல் குடோனில் ஒரு பாதியை வெள்ளையடித்து, தொட்டில் கட்டி, ஒரு ஆயாம்மாவை அமர்த்தினேன். காட்சிக்குத்தான் செய்தேன், ஒளிக்க ஒன்றுமில்லை. மூன்றாவது நாள் இரண்டு பிள்ளைகள் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தன.

மறு ஆடிட் 2024 நவம்பரில். இந்தத் தடவை தேதி சொல்லவில்லை, நான்கு வாரத்துக்குள் ஏதோ ஒரு நாள் என்று மட்டும். வந்தவர் வேறு ஒருவர், மதுரைக்காரர். வருகைப் பதிவில் கோவில் கொடைக்காக மூன்று நாள் பாதி ஆள் இல்லாததைப் பார்த்து, "எந்த அம்மன்?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கம் போனார். ஆறு என்.சி. வந்தது. கட்டட உறுதிச் சான்று, ஸ்டெயின் எடுக்கும் மருந்துக்குத் தமிழில் எச்சரிக்கைத் தாள், அப்படி. ஓ.டி.யும் அதில் ஒன்று. முந்தின சீசனில் 11 பேருக்கு மூன்று மாதத்தில் 50 மணியைத் தாண்டியிருந்தது, அதை நானே எடுத்துக் காட்டினேன். ஏன் தாண்டியது, அடுத்த சீசனில் என்ன செய்வேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

ஜனவரியில் அந்த எக்ஸ்போர்ட்டரிடமிருந்து மறுபடி பீஸ் வர ஆரம்பித்தது. முதலில் 8,000, பிறகு 20,000. சங்கிலி இன்னும் திரும்பவில்லை. 2025 பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. ஒரு மாதம் முன்னாலேயே எக்ஸ்போர்ட்டருக்கு, 10, 11 ரெண்டு நாளும் யூனிட் கிடையாது, சரக்கு போகாது என்று எழுத்தில் அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டு, "சரிங்கண்ணா, 14ஆம் தேதி லாரி அனுப்பிருங்க" என்றார். அன்றைக்குச் சித்திரை ஒன்று. அதையும் சொல்ல வேண்டியதாயிற்று.